சப்போர்ட் கிளாஸ்களின் சமநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டேபிள்டாப் ஃபேண்டசி ஆட்டங்களில் கிளெரிக் (மதகுரு), பார்ட் (பாணர்) மாதிரியான சப்போர்ட் கிளாஸ்களை (கிளாஸ் என்றால் கதாபாத்திரத்தின் தொழில்) எடுத்து ஆடுகிறவர்களும், அவர்களை வைத்து ஆட்டம் நடத்தும் டிஎம்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் இரண்டிலிருந்தும் வருகின்றன. முதலாவதை இனி டி&டி என்றே எழுதுகிறேன். 1டி8 என்றால் எட்டு முகப் பகடை ஒன்று, 2டி6 என்றால் ஆறு முகப் பகடை இரண்டு.

என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சப்போர்ட் இல்லாத குழு தட்டுத்தடுமாறியாவது பிழைக்க வேண்டும். சப்போர்ட் இருக்கும் குழுவின் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற வேண்டும். அந்த கிளாஸை ஆடுபவருக்குத் தன் முறை வரும்போது யோசித்து முடிவெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் அதைச் சமநிலை என்பேன்.

சப்போர்ட் கிளாஸ் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

தன் கையால் எதிரியை வீழ்த்துவதைவிட, தன்னால் மற்றவர்கள் நன்றாக ஆடுவதில் பலம் உள்ள எல்லாமே சப்போர்ட்தான். கிளெரிக், பார்ட், டி&டி நான்காம் பதிப்பின் வார்லார்ட் ஆகியவை வெளிப்படையானவை. எப்படி ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து ட்ரூயிட், பாலடின், ஆர்டிஃபைசர், ஏன் விஸார்டுகூட இதில் வரலாம். செய்கிற வேலையில் நான்கு வகை உண்டு: காயம் ஆற்றுவது, கூட்டாளிகளைப் பலப்படுத்துவது, எதிரிகளைப் பலவீனப்படுத்துவது, எதிரிகளைக் கட்டிப்போடுவது. பேச்செல்லாம் முதல் வகையைச் சுற்றியே நடக்கிறது. என்னைக் கேட்டால் நான்கில் அதுதான் ஆகக் குறைவாகச் சுவாரசியமானது.

ஹீலர் (காயம் ஆற்றுபவர்) இல்லாமல் ஆடவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. இன்றைய விதிகளில் இல்லை.

1974-இல் வெளிவந்த முதல் டி&டி-யில் மூன்றே கிளாஸ்கள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். இதில் கிளெரிக் பிறந்ததே காயம் ஆற்றுவதற்காக இல்லை. டேவ் ஆர்னெசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் சர் ஃபேங் என்ற ரத்தக்காட்டேரியாக ஆடி மிகவும் வலுவாகிவிட்டார். அவரை எதிர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டபோது உருவானதுதான் இந்த கிளாஸ். அந்த முதல் விதிகளில் முதல் லெவல் கிளெரிக்குக்கு ஸ்பெல்லே (மந்திரமே) கிடையாது.

ஹீலர் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மற்ற விதிகள். அட்வான்ஸ்ட் டி&டி (ஏடி&டி) முதல் பதிப்பில் ஒரு முழு நாள் ஓய்வெடுத்தால் ஒரே ஒரு ஹெச்பிதான் (ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி) திரும்ப வரும். கிளெரிக்கின் ஒரு ஸ்பெல்லோ சில நொடிகளில் 1 முதல் 8 வரை தந்துவிடும். அப்படியொரு வித்தியாசம் இருக்கும்போது யாராவது ஒருவர் கிளெரிக் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தவர் அன்றைய ஸ்பெல்களையெல்லாம் காயம் ஆற்றுவதற்கென்று ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். ‘இந்த முறை யார் கிளெரிக்?’ என்ற கேள்வி தண்டனை மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

அப்புறம் வந்த பதிப்புகள் ஒவ்வொன்றும் இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தப் பார்த்தன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், தயார் செய்து வைத்த பெரும்பாலான ஸ்பெல்களை தேவைப்படும்போது காயம் ஆற்றும் ஸ்பெல்லாக மாற்றிக்கொள்ள நல்ல கிளெரிக்குகளுக்கு வழி கிடைத்தது. அதே பதிப்பில் 750 பொற்காசுக்கு க்யூர் லைட் வூண்ட்ஸ் மந்திரக்கோல் ஒன்று வாங்கலாம். 50 தடவை பயன்படும், ஒவ்வொரு தடவையும் 1டி8+1. சராசரியாக மொத்தம் 275 ஹெச்பி. சண்டை முடிந்ததும் கோலை எடுத்து ஆளாளுக்கு நாலு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு, காயம் ஆற்றும் சக்தியின் பெரும்பங்கை ஹீலிங் சர்ஜ் என்ற பெயரில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. ஒரு சர்ஜ் உங்கள் முழு ஹெச்பியில் கால் பங்கைத் திருப்பித் தரும். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் ஒரு இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் ஹெச்பி முழுவதும் வந்துவிடும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இன்னொரு பக்கமாகப் போனது. மெடிசின் திறன் உள்ள யாரும், மந்திரமே இல்லாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து ஒருவருக்குக் கட்டுப்போட்டு 2டி8 ஹெச்பி ஆற்றலாம். இந்த ஒரு விதி எத்தனை கிளெரிக்குகளை விடுதலை செய்திருக்கிறது என்பது அதை ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சண்டைக்கு நடுவே ஹீல் போடுவது வீண் என்கிறார்களே?

பாதி சரி. ஒரு முறையை நெருங்கிப் பார்த்தால் எந்தப் பாதி என்று தெரியும்.

2014 விதிகளையே எடுத்துக்கொள்வோம். எதிரே ஒரு ஓகர் (முரட்டு அரக்கன்): அடிக்க இருபது முகப் பகடையோடு +6, விழுந்தால் 2டி8+4 டேமேஜ். நம் ஃபைட்டரின் ஏசி (அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்) 16, மிச்சமிருப்பது 6 ஹெச்பி. ஓகரின் அடி விழும் வாய்ப்பு 55%. விழுந்தால் குறைந்தபட்ச டேமேஜே 6 என்பதால் ஃபைட்டர் கண்டிப்பாகச் சாய்வார். இப்போது கிளெரிக்கின் முறை. விஸ்டம் +3, கையில் ஒரு முதல் லெவல் ஸ்லாட் (ஒரு ஸ்பெல் போடும் வாய்ப்பு). அடுத்தது ஓகரின் முறை.

முதல் வழி, க்யூர் வூண்ட்ஸ். 1டி8+3, சராசரி 7.5. ஃபைட்டர் 13, 14 ஹெச்பிக்கு வருகிறார். இப்போது ஒரு அடி விழுந்தாலும் பாதிக்குப் பாதி அவர் நின்றுவிடுவார். இந்தச் சுற்றில் அவர் சாயும் வாய்ப்பு 55%-லிருந்து 30%-க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது.

இரண்டாம் வழி, கைடிங் போல்ட். 4டி6 டேமேஜ். ஓகரின் ஏசி வெறும் 11, அதனால் அடி விழும் வாய்ப்பு 75%. ஓகரிடம் மிச்சம் 12 ஹெச்பி இருந்தால், இந்த ஒரே ஸ்பெல்லில் அது செத்துவிழும் வாய்ப்பு 58% சொச்சம். செத்த ஓகர் அடிக்காது. ஃபைட்டர் சாயும் வாய்ப்பு இப்போது 23% அளவுக்கு வந்துவிடுகிறது. ஹீல் போட்டதைவிடக் குறைவு, சண்டையும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆனால் ஓகரிடம் 40 ஹெச்பி மிச்சம் இருந்தால் கதையே வேறு. போல்ட் போட்டாலும் அது நின்றுகொண்டே இருக்கும், ஃபைட்டருக்கு அதே 55% ஆபத்து. அங்கே ஹீல்தான் சரி.

ஆக, ‘ஹீல் வீண்’ என்று சட்டம் போட முடியாது. எதிரியை இந்தச் சுற்றிலேயே முடிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாது என்றால் யாருடைய அடுத்த முறை நமக்கு முக்கியம் என்று பார்க்க வேண்டும். நன்றாக வடிவமைத்த ஹீல் ஸ்பெல் இந்தக் கேள்வியைத் திறந்தே வைத்திருக்கும். ஹீல் எப்போதும் எதிரியின் அடியைவிடப் பெரிதாக இருந்தால் சண்டை முடியவே முடியாது. எப்போதும் சிறிதாக இருந்தால் யாரும் போடமாட்டார்கள். 2024-இன் திருத்திய விதிகளில் க்யூர் வூண்ட்ஸை 2டி8 ஆகவும் ஹீலிங் வேர்டை 2டி4 ஆகவும் உயர்த்தியது நல்ல திருத்தம் என்றே நினைக்கிறேன். பழைய எண்கள் இரண்டாவது பக்கம் அதிகமாகவே சாய்ந்திருந்தன.

விழுந்தவரை எழுப்பி, மறுபடி விழுந்து, மறுபடி எழுப்பி என்றே சண்டை போகிறது. இதை நிறுத்துவது எப்படி?

ஐந்தாம் பதிப்பின் நெடுநாள் வியாதி இது. 0 ஹெச்பியில் கிடப்பவருக்கு ஒரே ஒரு ஹெச்பி கொடுத்தாலும் எழுந்து நின்று முழு வேகத்தில் அடிக்கலாம். 1 ஹெச்பியோடு நிற்பவருக்கும் 50 ஹெச்பியோடு நிற்பவருக்கும் அடிக்கிற பலத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அதோடு, ஒருவர் 3 ஹெச்பியில் நிற்கும்போது 20 டேமேஜ் வந்தால் மிச்ச 17 காற்றோடு போய்விடும். அப்படியென்றால் விழுவதற்கு முன்னால் ஆற்றுவதைவிட விழுந்த பிறகு ஆற்றுவதுதான் சிக்கனம். 60 அடி தூரத்திலிருந்து, பெரிய ஆக்‌ஷனைச் செலவழிக்காமல், போனஸ் ஆக்‌ஷனில் போடக்கூடிய ஹீலிங் வேர்ட் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

கணக்குப்படி சரிதான், ஆனால் மேசையில் பார்க்க நன்றாக இல்லை. உயிருக்குப் போராடும் நண்பனைக் காப்பாற்றும் தருணம் சுவிட்ச் போடுகிற வேலையாகிவிடுகிறது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். விழுந்து எழுந்தால் வூண்டட் என்ற நிலை ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை விழும்போது அந்த எண் டையிங் (சாவை நெருங்கும் நிலை) எண்ணோடு கூடும். டையிங் 4 ஆனால் மரணம். முதல் தடவை விழுந்தால் பயம், இரண்டாம் தடவை நடுக்கம், மூன்றாவது தடவை விழ விடமாட்டோம் என்று மொத்தக் குழுவும் திட்டத்தை மாற்றும். ஹீலரும் முன்கூட்டியே ஆற்றத் தொடங்குவார், ஏனென்றால் இப்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பிலேயே ஆடுபவர்கள் பலர் 0 ஹெச்பிக்குப் போனால் ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் (களைப்பு) என்று வீட்டு விதி வைத்துக்கொள்கிறார்கள். 2014 விதிகளில் எக்ஸாஸ்ஷன் கடுமையானது. மூன்றாம் லெவலிலேயே அடிப்பதும் சேவ் எடுப்பதும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) டிஸ்அட்வாண்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது) ஆகிவிடும், ஆறில் மரணம். முன்வரிசையில் நிற்கும் ஃபைட்டரும் பார்பேரியனும்தான் அதில் நசுங்குவார்கள், பின்னால் நிற்கும் விஸார்டுக்கு ஒன்றும் ஆகாது. 2024-இன் எக்ஸாஸ்ஷன் ஒரு லெவலுக்கு டி20 உருட்டல்களில் -2 என்று படிப்படியாக ஏறுவதால் இந்த வீட்டு விதிக்கு அது பொருத்தமாக இருக்கும்.

பஃப் (கூட்டாளிகளைப் பலப்படுத்தும்) ஸ்பெல் ஒன்றின் மதிப்பை எப்படிக் கணக்குப் போடுவது?

பிளெஸ்ஸை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். முதல் லெவல் ஸ்பெல், மூன்று பேருக்கு, அடிக்கும்போதும் சேவ் எடுக்கும்போதும் 1டி4 கூடுதல். சராசரி 2.5. இருபது முகப் பகடையில் அது 12.5 சதவீதப் புள்ளி.

மூன்று கூட்டாளிகளும் +5-இல் ஏசி 15 எதிரியை அடிக்கிறார்கள், விழுந்தால் சராசரி 8.5 டேமேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 55%-லிருந்து 67.5% ஆகிறது. ஒரு அடிக்குச் சுமார் 1 டேமேஜ் கூடுதல், மூன்று பேருக்கு ஒரு சுற்றில் 3 சொச்சம். சண்டை நான்கு சுற்று போனால் மொத்தம் 12, 13. அதே ஸ்லாட்டில் கைடிங் போல்ட் போட்டிருந்தால், அதே ஏசிக்கு, அடி தவறும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்கையில் சராசரி 7.7. அடுத்து அடிப்பவருக்கு அது தரும் அட்வாண்டேஜையும் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) கூட்டினால் கிட்டத்தட்ட 9.

பிளெஸ் ஜெயிக்கிறது, ஆனால் சண்டை நீண்டால்தான். இரண்டே சுற்றில் முடிகிற சண்டையில் போல்ட்தான் மேல். கிளெரிக் இடையில் அடி வாங்கி கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லைத் தாங்கிப் பிடிக்கும் கவனம்) கலைந்தாலும் கணக்கு கவிழும். அதே சமயம், டிராகன் மூச்சு விடும்போது சேவில் சேர்ந்த அந்த 1டி4 ஒருவரைக் காப்பாற்றினால் இந்த டேமேஜ் கணக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும்.

பஃப்பின் மதிப்பைத் தீர்மானிப்பவை நான்கு: சண்டை எத்தனை சுற்று போகிறது, எத்தனை பேர் பயன்பெறுகிறார்கள், அவர்கள் சுற்றுக்கு எத்தனை தடவை அடிக்கிறார்கள், பஃப் கலையும் வாய்ப்பு எவ்வளவு. மூன்றே பேர் உள்ள குழுவில் பார்ட் சோர்வாகத் தெரிவதும், ஆறு பேர் குழுவில் அதே பார்ட் ஆட்டத்தையே தூக்கி நிறுத்துவதும் இதனால்தான். கிளாஸ் மாறவில்லை, பெருக்குகிற எண்தான் மாறியிருக்கிறது.

ஒரு +1 தருவதெல்லாம் ஒரு திறமையா?

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் பார்ட் ஆடுகிறவர்களிடம் இதைக் கேட்டால் கோபம் வரும். வர வேண்டியதுதான்.

அங்கே இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிகல், டேமேஜ் இரட்டிப்பு. முதல் லெவல் ஃபைட்டர் +9-இல் ஏசி 16-ஐ அடிக்கிறார், டேமேஜ் 1டி8+4. பகடையில் 7 முதல் 16 வரை சாதாரண அடி, 17 முதல் 20 வரை கிரிட்டிகல். சராசரி 7.65. பார்ட் தன் மூன்று ஆக்‌ஷன்களில் ஒன்றைச் செலவழித்து கரேஜியஸ் ஆந்தம் பாடினால் அடிப்பதில் +1, டேமேஜில் +1. இப்போது 6 முதல் 15 வரை சாதாரண அடி, 16 முதலே கிரிட்டிகல். சராசரி 9.5. நான்கில் ஒரு பங்கு கூடிவிட்டது! அதுவும் 60 அடிக்குள் இருக்கும் ஒவ்வொரு கூட்டாளியின் ஒவ்வொரு அடிக்கும், ஸ்பெல் ஸ்லாட் எதுவும் செலவாகாமல்.

இங்கே உண்மையான சிக்கல், அது கண்ணுக்குத் தெரியாதது. ஃபைட்டர் 16 உருட்டி ‘கிரிட்!’ என்று கத்தும்போது மேசையே அவரைத்தான் பார்க்கும். அந்த கிரிட்டைத் தந்தது பார்ட்டின் +1 என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதனால் டிஎம்கள் ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பஃப் இல்லாவிட்டால் தவறியிருக்கும் அடி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘வாள் நழுவ இருந்தது, அந்தப் பாட்டு காதில் விழுந்ததும் மணிக்கட்டு நேரானது.’ விதியில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் சப்போர்ட் ஆடுபவரின் மகிழ்ச்சியை இந்த அளவு கூட்டும் வேறொரு வழி எனக்குத் தெரியாது.

பஃப் மேல் பஃப் அடுக்கினால் ஆட்டம் உடைந்துவிடாதா?

உடையும். அதைத் தடுக்க ஒவ்வொரு விதிப்புத்தகமும் ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்றாம் பதிப்பில் போனஸ்களுக்கு வகை உண்டு; பெரும்பாலும் ஒரே வகை இரண்டு வந்தால் பெரியது மட்டும் செல்லும். ஆனால் மொரேல், லக், என்ஹான்ஸ்மென்ட் என்று வகைகளே ஏகப்பட்டவை. பொறுமையாக அடுக்குகிறவர்கள் கோபுரமே கட்டிவிடுவார்கள், கதவைத் திறப்பதற்கு முன் பஃப் பட்டியல் வாசிப்பதிலேயே நேரம் போய்விடும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு அந்த வகைகளை ஐட்டம், ஸ்டேட்டஸ், சர்க்கம்ஸ்டன்ஸ் என்று மூன்றாகக் குறைத்தது. ஐந்தாம் பதிப்பு கான்சன்ட்ரேஷனை வைத்தது: ஒருவர் ஒரு சமயத்தில் அப்படிப்பட்ட ஸ்பெல் ஒன்றைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும்.

கான்சன்ட்ரேஷன் நல்ல விதி. ஆனால் பிளெஸ், ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதால், முதல் சுற்றில் ஒன்றைப் போட்ட கிளெரிக்குக்கு இரண்டாம் சுற்றில் சுவாரசியமாகச் செய்ய அதிகம் மிஞ்சாது. எய்ட் மாதிரி கான்சன்ட்ரேஷன் கேட்காத பஃப்களுக்கு அங்கே இவ்வளவு மவுசு இருப்பது அதனால்தான்.

யாரும் ஹீலர் எடுப்பதில்லை என்பதால் சப்போர்ட் கிளாஸ்களை நன்றாகப் பலப்படுத்திவிட்டால் என்ன?

ஏற்கனவே செய்து பார்த்தாயிற்று, விளைவும் தெரியும். மூன்றாம் பதிப்பில் கிளெரிக்கை ஆசையாக எடுக்க வைக்க வேண்டும் என்று கனமான கவசம், பெரிய ஸ்பெல் பட்டியல், தன்னைத்தானே போர்வீரனாக்கிக்கொள்ளும் டிவைன் பவர், ரைட்டியஸ் மைட் எல்லாம் தந்தார்கள். விளைவு, ஃபைட்டரைவிட நன்றாகச் சண்டை போடும் கிளெரிக். அவருக்கு மற்றவர்களைப் பலப்படுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பலம் ஏறியது, சப்போர்ட் காணாமல் போனது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017-இல் வந்த ஹீலிங் ஸ்பிரிட் ஸ்பெல்லில், ஆவி நிற்கும் கட்டத்துக்குள் நுழைகிறவருக்கெல்லாம் 1டி6. எத்தனை தடவை என்று வரம்பு இல்லை. சண்டை முடிந்த பிறகு நான்கு பேர் வரிசையாக அதன் வழியே சுற்றிச் சுற்றி நடந்தால், ஒரு நிமிடத்தில், அதாவது பத்துச் சுற்றில், சராசரியாக 140 ஹெச்பி. ஒரே ஒரு இரண்டாம் லெவல் ஸ்லாட்டுக்கு! 2020-இல் வந்த திருத்தம் அதை ஸ்பெல் திறன் மாடிஃபையரோடு 1 கூட்டிய அளவுக்கு மட்டுப்படுத்தியது. மாடிஃபையர் +3 உள்ள ட்ரூயிடுக்கு நான்கு தடவை, மொத்தம் 14. இதில் குற்றம் 1டி6-இல் இல்லை, எண்ணிக்கைக்கு வேலி போடாததில் இருக்கிறது.

2020-இன் ட்வைலைட் டொமைன் கிளெரிக்கும் அந்த ரகமே. 30 அடிக்குள் தன் முறையை முடிக்கும் ஒவ்வொரு கூட்டாளிக்கும், ஒவ்வொரு சுற்றும், 1டி6-உடன் கிளெரிக் லெவலைக் கூட்டி டெம்பரரி ஹெச்பி. ஐந்தாம் லெவலில் ஆளுக்குச் சராசரி 8.5. கான்சன்ட்ரேஷன் வேண்டாம், ஒரு நிமிடம் ஓடும். சின்னச் சின்ன அடிகளெல்லாம் அர்த்தமில்லாமல் போக, டிஎம் வேறு வழியில்லாமல் பெரிய அடி அடிக்கிற எதிரிகளையே கொண்டுவருவார். கிளெரிக் இல்லாத நாளில் அதே எதிரி குழுவைத் தரைமட்டமாக்கிவிடும். என் ஆட்டத்தில் இதை அனுமதிப்பதென்றால் எண்ணைப் பாதியாக்கித்தான் அனுமதிப்பேன்.

என் முறை வந்தாலே ‘எனக்கு ஹீல் போடு’ என்கிறார்கள். எனக்கென்று ஆட ஒன்றுமில்லை. விதி இதைச் சரிசெய்ய முடியுமா?

பெருமளவு முடியும். பிரச்சினையின் வேர் ஆக்‌ஷன் கணக்கில் இருக்கிறது. உதவுவதற்கும் அடிப்பதற்கும் ஒரே ஆக்‌ஷன்தான் என்றால் ஒவ்வொரு உதவியும் உங்கள் ஆட்டத்தைப் பறிக்கும்.

நான்காம் பதிப்பு இதை மற்ற எல்லாப் பதிப்புகளையும்விட நன்றாகப் புரிந்துகொண்டது. அங்கே கிளெரிக்கின் ஹீலிங் வேர்டும் வார்லார்டின் இன்ஸ்பைரிங் வேர்டும் மைனர் ஆக்‌ஷன். ஒரு சண்டைக்கு இரண்டு தடவை, ஒரு சுற்றுக்கு ஒன்று. பெரிய ஆக்‌ஷன் உங்கள் கையிலேயே இருக்கும். அதிலும் சேக்ரட் ஃபிளேம் போட்டால் எதிரிக்கு டேமேஜ், கூடவே ஒரு கூட்டாளிக்கு டெம்பரரி ஹெச்பியோ ஒரு சேவிங் த்ரோவோ. வார்லார்டின் கமாண்டர்ஸ் ஸ்டிரைக் உங்கள் முறையில் கூட்டாளி ஒருவரை அடிக்க வைக்கும். யாரை, எப்போது, எந்த எதிரி மேல் என்பதை முடிவு செய்பவர் நீங்கள்.

இந்த முடிவுதான் முக்கியம். 13த் ஏஜ் ஆட்டத்திலும் கிளெரிக்கின் ஹீல் குவிக் ஆக்‌ஷன், சண்டைக்கு இரண்டு. ஐந்தாம் பதிப்பு ஹீலிங் வேர்டை போனஸ் ஆக்‌ஷன் ஆக்கியதும் இதே வழியில் வந்ததுதான்.

விதியால் முடியாத பகுதியும் உண்டு. மற்றவரின் ஸ்லாட்டை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் ஆணை போடக்கூடாது. ‘நான் 6 ஹெச்பியில் இருக்கிறேன்’ என்று நிலைமையைச் சொல்லலாம். என்ன செய்வது என்பது ஸ்லாட் வைத்திருப்பவரின் உரிமை. முதல் ஆட்டத்திலேயே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எதிரிகளைக் கட்டிப்போடுவதும் சப்போர்ட்தானா?

ஆமாம், பல சமயம் ஹீலைவிட நல்ல சப்போர்ட். ஹோல்ட் பெர்சன் பலித்தால் எதிரியின் முறையே போய்விடும், பக்கத்தில் நின்று அடிப்பவர்களின் அடியெல்லாம் கிரிட்டிகல் ஆகும். ஆனால் எதிரி சேவ் எடுத்துவிட்டால் ஸ்லாட்டும் முறையும் சேர்ந்து போச்சு. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்கிற இந்தத் தன்மையைப் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு கொஞ்சம் மென்மையாக்கியது. அங்கே பல ஸ்பெல்களில் எதிரி சேவ் எடுத்தாலும் ஒரு சுற்றுக்கு ஏதாவது சின்னப் பாதிப்பு நிற்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்பது சமநிலையை மாற்றுமா?

நிறைய. 2014-இன் டிஎம் வழிகாட்டி, ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகளைக் குழு தாங்கும் என்று கணக்கிடுகிறது. நிஜத்தில் பல குழுக்கள் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் ஆடுகின்றன. அப்போது கிளெரிக் ஒவ்வொரு சுற்றும் பெரிய ஸ்லாட்டைக் கொட்டலாம், சிக்கனம் என்ற பேச்சே இல்லை. நாள் நீண்டால் காட்சி மாறும். முதல் லெவல் பார்டின் இன்ஸ்பிரேஷன் (கூட்டாளிக்குத் தரும் கூடுதல் பகடை) கரிஸ்மா மாடிஃபையர் எத்தனையோ அத்தனை தடவைதான், நீண்ட ஓய்வு எடுத்தால்தான் திரும்பும். ஐந்தாம் லெவலில்தான் சிறு ஓய்வுக்கும் திரும்பி வரும். பார்ட் பலவீனமாக இருக்கிறது என்று எண்களைத் திருத்துவதற்கு முன், உங்கள் ஆட்டத்தில் சிறு ஓய்வு எத்தனை தடவை கிடைக்கிறது என்று பாருங்கள்.

எதிரிகள் ஹீலரையே குறிவைத்து அடிக்கலாமா?

புத்தியுள்ள எதிரி, ஒருவர் எழுப்பிவிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அடிக்கலாம். ஓநாயும் ஸோம்பியும் முதல் சுற்றிலேயே கிளெரிக்கைத் தேடிப் போவது அநியாயம்.

எங்கள் குழுவில் ஒருவருமே சப்போர்ட் எடுக்கவில்லை. டிஎம்மாக நான் என்ன செய்வது?

முதலில், யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். வேண்டாவெறுப்பாக ஆடப்படும் கிளெரிக்கால் குழுவுக்கும் லாபமில்லை, அவருக்கும் சுகமில்லை. குழுவோடு ஒரு ஹீலர் என்பிசியை (டிஎம்மே ஆடும் கதாபாத்திரத்தை) நிரந்தரமாக அனுப்புவதையும் நான் விரும்புவதில்லை. டிஎம் தானே அடித்து, தானே ஆற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

பதிலாக, காயம் ஆற்றும் மருந்துப் போஷன்கள் சற்றுத் தாராளமாகக் கிடைக்கட்டும், ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் மூச்சுவிட இடம் இருக்கட்டும். எதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரே அடியில் பாதி உயிரை எடுக்கும் எதிரியைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கும் நான்கு எதிரிகள் ஹீலர் இல்லாத குழுவுக்கு நல்லது. ஆபத்து வருவதைப் பார்த்துப் பின்வாங்க நேரம் கிடைக்கும். பின்வாங்குவதும் ஒரு வழி என்பதைக் கதையிலேயே காட்டுங்கள். விஷம், சாபம், பக்கவாதம் மாதிரி கிளெரிக் மட்டுமே நீக்கக்கூடியவற்றைக் கொண்டுவந்தால், அதற்கு மருந்தும் அதே பயணத்தில் எங்காவது கிடைக்க வேண்டும்.

சொந்தமாக ஒரு சப்போர்ட் கிளாஸ் எழுதுகிறேன். எதை முதலில் சோதிப்பது?

டேமேஜ் அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று சண்டைகளை நடத்திப் பாருங்கள். ஒன்றில் உங்கள் கிளாஸ் இருக்கட்டும். இன்னொன்றில் அதே இடத்தில் இரண்டாவது ஃபைட்டர். மூன்றாவதில் அந்த இடம் காலி. இரண்டாவது ஃபைட்டர் எப்போதும் மேலாக இருந்தால் கிளாஸ் பலவீனம். காலி இடத்தோடு குழு முழுவதும் செத்தால் சண்டை அந்த கிளாஸை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் குழுவின் எண்ணிக்கையை மூன்றாகவும் ஆறாகவும் மாற்றிப் பாருங்கள்; ‘எல்லாக் கூட்டாளிகளுக்கும்’ என்று எழுதிய திறன்கள் அங்கேதான் பல்லிளிக்கும்.

வரம்பில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கக்கூடிய ஆற்றல் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடுங்கள். சண்டைக்கு வெளியே அதை எப்படிச் சுரண்டலாம் என்று யோசிக்க, உங்கள் மேசையில் விதிகளைக் குடைவதில் ஆசை உள்ளவரிடமே தாளைக் கொடுத்துவிடலாம், உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்.

கடைசியாக, அந்த கிளாஸை ஆடியவரிடம் எண்களைக் கேட்காதீர்கள். எந்தச் சுற்றில் இரண்டு நல்ல வழிகளுக்கு நடுவே தயங்கினீர்கள் என்று கேளுங்கள். ஒரு சுற்றையும் சொல்ல முடியவில்லை என்றால், கணக்கு எவ்வளவு சரியாக வந்திருந்தாலும் அந்த வரைவை மறுபடி எழுத வேண்டும்.